விற்றது வேறு, வந்தது வேறு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

சிறுதொழில் தொடங்குவோர்க்கு அறிவுரை கூறாதவர் இல்லை. முயற்சி வேண்டும், தரம் வேண்டும், விளம்பரம் வேண்டும் என்பார்கள். யாவும் உண்மையே. ஆனால் நன்றாக விற்பனையாகும் தொழில்களும் நொடித்துப் போகின்றனவே, அது ஏன்? என் கருத்து இது: நம் சிறுதொழில்கள் பலவற்றை வீழ்த்துவது விற்பனைக் குறைவு அன்று; கடனுக்கு விற்ற விற்பனையே.

மணப்பாறை முறுக்கையே எடுத்துக்கொள்வோம். இருமுறை எண்ணெயில் பொரித்தெடுக்கும் அம்முறுக்கு 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெருமைதான். ஆனால் குறியீடு பெயரைக் காக்குமே தவிர, அரிசிமாவுக்கும் எண்ணெய்க்கும் காசு தராது. நாள்தோறும் 2,000 ரூபாய்ச் செலவில் முறுக்குச் சுட்டுக் கடைகளுக்குப் போடும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் 30 நாள் கழித்துப் பணம் தருகிறார். அப்படியானால் எந்நேரமும் 60,000 ரூபாய் வெளியில் நிற்கிறது. வியாபாரம் இரட்டித்தால் ஊருக்கே இனிப்பு வழங்கத் தோன்றும். ஆனால் வெளியில் நிற்பதும் 1,20,000 ஆகிவிடுமே! கூடுதல் இலாபம் கைக்கு வருமுன் இன்னுமொரு 60,000 தேடியாக வேண்டும். மாறாக, கடைக்காரர் 15 நாளில் பணம் கொடுத்தால், பழைய 60,000-ஐக் கொண்டே இரு மடங்கு முறுக்குச் சுடலாம்.

இந்த நாள் கணக்கு இடறும் இடத்தில்தான் தண்டல்காரர் வந்து நிற்கிறார். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் தருவார். நாளைக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பார். ‘ஆயிரம் ரூபாய்தானே!’ என்று தோன்றும். கட்டக் கட்ட முதல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி ஏறத்தாழ 78 விழுக்காடு ஆகிறது. (வகுப்பில் படித்த கணிதம் எனக்கு வெளியில் முதன்முதல் பயன்பட்டது இங்கேதான்.) எந்த முறுக்கு இந்த வட்டியைச் சம்பாதிக்கும்?

எங்கள் வீட்டுக் கதையும் ஏறக்குறைய இதுவே. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் தாயார் உள்பாவாடையும் நைட்டியும் தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். கணக்கு நோட்டு என் பொறுப்பு. ஒரு பெரிய கடை ஐந்து மாதப் பாக்கி வைத்தது. கேட்டால், “நாங்க என்ன ஓடியா போயிடுவோம்?” என்றார்கள். குறு, சிறு தொழிலாரிடம் வாங்கிய சரக்குக்கு, ஒப்பந்தம் எப்படியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. இதைப் படித்துக் காட்டினேன். “சட்டம் பேசினா அடுத்த சரக்கை எடுப்பாங்களாப்பா?” என்று கேட்டார் என் தாயார். இதற்குச் சட்டத்தில் விடை இல்லை.

ஆகவே நண்பர்களே, சட்டத்தின் துணைக்கு ‘உத்யம்’ பதிவைச் செய்துகொள்ளுங்கள். அது இலவசம், தரகருக்குக் காசு தராதீர்கள். ஆனால் அதை மட்டும் நம்பியிராதீர்கள். சரக்கில் பாதிக்கு மேல் ஒரே கடைக்குப் போகுமானால், உங்கள் தொழிலுக்கு முதலாளி அந்தக் கடைக்காரர்தான். பழைய பாக்கி வந்த பிறகே புதுச் சரக்கு இறங்கட்டும். உழைத்த கூலியையும் செலவில் எழுதுங்கள். நம் தாய்மார்கள் இதை எழுதுவதே இல்லை.

இப்பொழுது அந்தப் பெரிய கடைக்குக் கால்வாசிச் சரக்குத்தான் போகிறது. மீதி, பேருந்து நிலையத்தருகே ஆறு சிறு கடைகளுக்கு. உருப்படிக்கு இரண்டு ரூபாய் குறைத்தே கொடுக்கிறோம். சனிக்கிழமைதோறும் பணம் வந்துவிடுகிறது.