அசையாமல் படுத்தால் தையல் சீக்கிரம் ஆறுமா?

கேள்வி: தொப்புள் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தபோது, மூன்று பிரசவத்தில் தொங்கிப்போன வயிற்றுத் தோலையும் எடுத்துத் தைத்துவிட்டார்கள். ஐந்து நாள் ஆகிறது. நிமிர முடியவில்லை. அத்தை அசையாமல் படு என்கிறார். இரண்டு கறவை மாடு இருக்கிறது. எப்போது வேலைக்கு இறங்கலாம்?
- ஒரு வாசகி, மேலகரம்

பதில்: நிமிர முடியாதது கோளாறு இல்லை, சகோதரி. தோலை இழுத்துத் தைத்திருப்பதால் ஒன்றிரண்டு வாரம் குனிந்துதான் நடக்க வரும். வலிந்து நிமிராதீர்கள். படுக்கும்போதும் அதே வளைவு வேண்டும்: முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை, முழங்காலுக்கு அடியில் ஒன்று. தரைப் பாயும் தொய்ந்த கயிற்றுக் கட்டிலும் இப்போது வேண்டாம். எழும்போது முழுப் பாரமும் வயிற்றில் விழும். பலகைக் கட்டிலில் ஒருக்களித்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் கொடுத்த பெல்ட்டைச் சொன்னபடி போடுங்கள்.

ஆனால் அசையாமல் கிடப்பது ஆபத்து. காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே மோசம். பகலில் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடங்கள். படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல், தையலில் சீழ், வயிற்றில் நீர் கோத்ததுபோல் வீக்கம் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலம் இறுகி முக்கினால் தையலுக்குத்தான் கேடு. முட்டை, பருப்பு, மீன், கீரை எல்லாம் சாப்பிடலாம்.

இனி மாடு. இந்த இதழ் கைக்கு வரும்போது உங்களுக்கு மூன்றாவது வாரம் ஆகியிருக்கும். வலி குறைந்து கை துறுதுறுக்கும். பலர் அப்போதுதான் குடத்தைத் தூக்கி, குடலிறக்கத்தைத் திரும்ப வரவழைத்துக்கொள்கிறார்கள். 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. புல்லுக்கட்டு அதற்கும் மேல். ஆறு வாரத்துக்கு இரண்டும் வேண்டாம். உள்ளே வலை வைத்திருந்தால் மருத்துவர் இன்னும் நீட்டிச் சொல்லலாம். அவர் சொல்வதுதான் கணக்கு. குந்தி உட்கார்ந்து கறப்பதும் அதுவரை வீட்டுக்காரர் பாடு. அத்தைக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

சாரல் நேரம் வேறு. விருந்தாளிகள் குற்றாலத்துக்குக் கூப்பிடுவார்கள். போய்வாருங்கள், ஆனால் காயம் முழுக்க ஆறும்வரை அருவியைத் தள்ளி நின்றே பாருங்கள்.