நெல்லுக்கு ஈரம் பார்க்கிறீர்களே, கேஸுக்குக் கணக்கு எங்கே?



கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனால் நமக்கு எத்தனை சோதனை! ஈரம் பார்க்க மெஷின் வைக்கிறார்கள். 17 சதவீதம்தான் வரம்பு. அதைத் தளர்த்தச் சொல்லி மழைக்காலம் வந்தால் டெல்லிக்கு மனுப்போட வேண்டியிருக்கிறது. பதர் எவ்வளவு, கருக்காய் எவ்வளவு என்று கிண்டிக் கிளறிப் பார்க்கிறார்கள். சொசைட்டியில் பால் ஊற்றினாலும் கொழுப்பு என்ன, இதரச் சத்து என்ன என்று பார்த்துத்தான் லிட்டருக்கு விலை. அளப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. சரியாக அளந்தால் சரிதான்.

ஆனால் இதே டெல்டாவில், நம் வயலுக்கு அடியிலிருந்து ராத்திரி பகலாக எரிவாயு போகிறதே, அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு போகிறது, என்ன கழிக்கிறார்கள் என்று ஊர்க்காரன் எவனுக்காவது தெரியுமா? நரிமணம், குத்தாலம், கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால் என்று நம் ஊர்ப் பெயர்கள்தான் எண்ணெய், எரிவாயு வயல்களின் பெயர்கள். கணக்கு மட்டும் நம் ஊரில் இல்லை.

கேஸ் ஒரே பொருள் அல்ல

நெல்லை அரைத்தால் அரிசி, நொய், தவிடு, உமி என்று நாலு பொருள் வருகிறது. எரிவாயுவும் அப்படித்தான். கிணற்றிலிருந்து வருவது கலவை. அதில் பெரும்பங்கு மீத்தேன். அதோடு ஈத்தேன், புரொப்பேன், பூட்டேன், பெட்ரோல் மாதிரியான கனத்த திரவம், கூடவே தண்ணீர் எல்லாம் கலந்திருக்கும். ஒரு கிணற்றில் இவை அதிகம், இன்னொன்றில் குறைவு. நம் வீட்டு அடுப்புக்கு 14.2 கிலோ சிலிண்டரில் வருகிறதே, அது இந்தப் புரொப்பேனும் பூட்டேனும்தான்.

இவற்றைப் பிரிப்பது மந்திரம் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் கொதிக்கிறது. மீத்தேன் மைனஸ் 161 டிகிரியில், ஈத்தேன் மைனஸ் 89-இல், புரொப்பேன் மைனஸ் 42-இல், பூட்டேன் ஏறக்குறைய பூஜ்யத்தில். முதலில் வாயுவைக் கடுமையாகக் குளிரவைத்துத் திரவத்தைத் தனியே இறக்குகிறார்கள். பிறகு அந்தத் திரவத்தை உயரமான கோபுரங்களில் வரிசையாகச் சூடேற்றி, ஒன்றில் ஈத்தேன், அடுத்ததில் புரொப்பேன், அதற்கடுத்ததில் பூட்டேன் என்று பிரித்தெடுக்கிறார்கள். குஜராத்தில் ஹசிரா, மகாராஷ்டிரத்தில் உரான், மத்தியப் பிரதேசத்தில் விஜய்பூர் என்று நம் நாட்டிலேயே பெரிய ஆலைகள் இந்த வேலையைச் செய்கின்றன.

இங்கேதான் கணக்கு வருகிறது. பத்து விவசாயிகள் நெல்லை ஒரே குவியலாகக் கொட்டி அரைத்தால், அரிசியை எப்படிப் பங்கு போடுவது? அவரவர் நெல்லின் எடை, ஈரம், பதர் எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால்தான் முடியும். கேஸ் ஆலையிலும் அதே கதைதான். பல கிணற்று வாயு ஒரே குழாயில் கலந்து வருகிறது. ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டர் வைத்து அளவு பார்க்க வேண்டும், மாதிரி எடுத்து அதில் என்னென்ன எத்தனை சதவீதம் என்று சோதிக்க வேண்டும். அதை வைத்து இந்தக் கிணற்றிலிருந்து இவ்வளவு திரவம் வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஆலையில் கிடைத்த மொத்தத்தை அந்த விகிதத்தில் பங்கு பிரிக்கிறார்கள்.

மீட்டர் தப்பினால் பங்கு தப்பும். பழைய மாதிரியை வைத்துக் கணக்கு எழுதினாலும் பங்கு தப்பும். திரவத்தை எடுத்ததும் மிச்ச வாயுவின் அளவும் சூடும் குறைந்துவிடும். அதற்கு ஒரு கழிவு. ஆலையின் கம்ப்ரசர் ஓடுவதற்கு எரித்ததற்கு ஒரு கழிவு. கொளுத்தி விட்டதற்கு ஒரு கழிவு. பிரித்துக் கொடுத்ததற்குக் கூலி. வியாபாரம் நடப்பதே இந்தக் கழிவுகளில்தான். தரகு மண்டியில் எடைக்கழிவு, சாக்குக்கழிவு கொடுத்துப் பழகிய நமக்கு இதைத் தனியாகப் புரியவைக்க வேண்டியதில்லை.

பென்சில்வேனியா விவசாயிக்கு என்ன ஆச்சு?

அமெரிக்காவில் பல இடங்களில் நிலத்துக்குச் சொந்தக்காரனே அடியில் உள்ள எரிவாயுவுக்கும் சொந்தக்காரன். பென்சில்வேனியா மாநிலத்தில் 1979-இல் ஒரு சட்டம் போட்டார்கள். நிலத்துக்காரனுக்குக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு ராயல்டி என்றது அந்தச் சட்டம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதில் எட்டில் ஒன்று? விற்ற விலையிலா, செலவைக் கழித்த பிறகா? வழக்கு நடந்தது. கிணற்றை விட்டு வந்தபிறகு ஆகும் செலவைக் கழித்துவிட்டுப் பங்கு கொடுத்தால் போதும் என்று 2010-இல் அந்த மாநிலத்து உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் அவன் பக்கம், நிலம் அவனுடையது, அப்படியிருந்தும் கழிவுக் கணக்கு பங்கைக் கரைத்தது. சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, எதன் மேலே சதவீதம் என்று கேட்க வேண்டும். அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இதுதான்.

நம் நிலைமை

நம் நாட்டில் எரிவாயு நிலத்துக்காரனுக்குச் சொந்தம் இல்லை. தரைப்பகுதியில் எடுக்கும் எரிவாயுவுக்குக் கிணற்றுவாய் மதிப்பில் 10 சதவீதம் ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. கிணற்றுவாய் மதிப்பு என்றாலே, விற்ற விலையிலிருந்து கிணற்றுக்கு அப்பால் ஆகும் செலவைக் கழித்த மதிப்பு என்று அர்த்தம். அதோடு, 1959-இல் எழுதிய விதியிலேயே ஒரு வாசகம் உண்டு. தவிர்க்க முடியாமல் வீணானதுக்கும், உற்பத்தி வேலைக்கே பயன்படுத்தியதுக்கும் ராயல்டி கிடையாது என்றது அது. தவிர்க்க முடியாதது எது, தவிர்த்திருக்கக் கூடியது எது? ராத்திரியில் வானமே சிவக்கிற மாதிரி எரிகிறதே, அது எந்தக் கணக்கில் சேர்த்தி? எடுக்கிறவனே எழுதி, எடுக்கிறவனே கூட்டினால் அது கணக்கா?

இன்னொன்றையும் பாருங்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுத்தால் கடலூர் மாவட்டக் கனிம நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். 2015-இல் வந்த திருத்தத்தின்படி, பழைய குத்தகை என்றால் ராயல்டிக்கு மேலே அதில் 30 சதவீதம். அந்தப் பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக. ஆனால் அந்தச் சட்டத்தில் கனிமம் என்ற சொல்லில் எண்ணெயும் எரிவாயுவும் சேராது. ஆகவே திருவாரூருக்கும் நாகைக்கும் எரிவாயுவால் அந்த நிதி இல்லை. கரி எடுத்தால் ஒரு நியாயம், கேஸ் எடுத்தால் ஒரு நியாயமா?

இது காசு விவகாரம் மட்டும் இல்லை

2014 ஜூன் 27 விடியற்காலையில் ஆந்திராவில் கோதாவரி டெல்டாவிலே நகரம் என்ற கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் குழாய் வெடித்தது. 20 பேருக்கு மேல் செத்தார்கள். தென்னையும் வீடும் கருகின. விசாரணையில் என்ன வெளிவந்தது? உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயில், தண்ணீரும் திரவமும் சரியாகப் பிரிக்காத ஈர வாயு போயிருக்கிறது. குழாய் உள்ளே அரித்துப் போயிருக்கிறது. வாயுவில் எவ்வளவு ஈரம், எவ்வளவு திரவம் என்ற கணக்கு ஊர்மக்கள் உயிர்க்கணக்கு ஐயா! 2017 ஜூன் 30-இல் நம் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது, கேள்வி கேட்ட மக்களுக்குக் கிடைத்தது தடியடியும் கைதும்.

கணக்குக் கேட்டால் கிணற்றை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா என்று நம்மவர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். புதுக் கிணறு வேண்டாம் என்பதில் நாம் ஒரு அங்குலம்கூடப் பின்வாங்கவில்லை. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் நாம் போராடிப் பெற்றது. ஆனால் அந்தச் சட்டம் ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளைத் தொடவில்லை. அவை ஓடும்வரை கணக்கு இருட்டில் இருக்க விடலாமா? திருடு போகிற வீட்டில் எத்தனை போச்சு என்று எண்ணிப் பார்ப்பது திருடனை ஒத்துக்கொள்வதாகாது. எண்ணிப் பார்த்தால்தான் புகார் நிற்கும்.

ஆகவே நாம் கேட்பது:

1. ஒவ்வொரு எரிவாயு சேகரிப்பு நிலையமும் மாதாமாதம் எடுத்த வாயு, பிரித்த திரவம், கொளுத்தியது, சொந்த உபயோகம், விற்றது எல்லாவற்றையும் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

2. மீட்டரையும் வாயு மாதிரியையும் கம்பெனியைச் சேராத நிபுணர்கள் சோதிக்க வேண்டும். ஊர்ப் பிரதிநிதி உடன் இருக்க வேண்டும்.

3. ராயல்டியில் கழித்த செலவு என்னென்ன, மாநில அரசுக்கு வந்தது எவ்வளவு என்று மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.

4. நிலக்கரிக்கு உள்ளது போல எரிவாயு எடுக்கும் மாவட்டத்துக்கும் நிதி ஒதுக்கச் சட்டம் திருத்த வேண்டும்.

5. குழாயின் வயது, கடைசியாகச் சோதித்த தேதி, அதில் போகும் வாயு உலர்ந்ததா ஈரமா என்பதை அந்தந்த ஊருக்குச் சொல்ல வேண்டும்.

வருகிற கிராமசபையில் எல்லா ஊரிலும் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். பதிவேட்டில் எழுதச் சொல்லி, நகல் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஊருக்கு ஒரு மனுவாவது போடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நமது சங்கம் எழுதித் தரும். பதில் வராவிட்டால் சேகரிப்பு நிலைய வாசலில் குடும்பத்தோடு உட்காருவோம்.

ஒரு மூட்டை நெல்லுக்கு நம்மிடம் கணக்குக் கேட்கிறவர்கள், நம் மண்ணிலிருந்து போகும் கேஸுக்கு நமக்குக் கணக்குச் சொல்லட்டும்!

மண் நமது! கணக்குக் கேட்கும் உரிமையும் நமது!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!