ரெண்டும் கண்ணாடிதானே... ஒண்ணு மட்டும் ஏன் வெடிக்குது?

போன வாரம் வீரசோழனிலிருந்து அம்மா போன். “அடுப்பு வெடிச்சிருச்சுடி!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லவேளை, வெடித்தது சிலிண்டர் இல்லை. காஸ் ஸ்டவ்வின் மேல் கண்ணாடி. சமையல் முடிந்து, அணைத்த கையோடு ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். ‘டப்’பென்ற சத்தம், அடுப்படி முழுக்கக் கண்ணாடிச் சில்லு. யாருக்கும் காயமில்லை.

அடுத்து அம்மா கேட்டதுதான் இந்த வார மேட்டர். “இண்டக்‌ஷன் அடுப்புலயும் கண்ணாடிதான இருக்கு... அதுவும் வெடிக்குமா?”

பார்க்க ரெண்டும் ஒரே கறுப்புப் பளபளப்பு. ஆனால், ஜாதகமே வேறு!

காஸ் ஸ்டவ் கண்ணாடி

இது பெரும்பாலும் ‘டஃபன்டு’ கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைப்பார்கள். மேற்பரப்பு இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். அதனால் பலம் அதிகம். ஆனால் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் ஆழமாகிவிட்டால், மொத்தமும் ஒரே நொடியில் பொடிப்பொடி.

இண்டக்‌ஷன் கண்ணாடி

தரமான இண்டக்‌ஷன் அடுப்புகளில் இருப்பது ‘கிளாஸ் செராமிக்’. இதைப் புரிந்துகொள்ள நம்மூர் பனங்கற்கண்டு போதும். பாகில் நூலைத் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் நூலைப் பிடித்துக்கொண்டு கற்கண்டு வளரும். கண்ணாடியும் உறைந்த பாகு மாதிரிதான். அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். அதில் டைட்டானியம் ஆக்ஸைடு போன்றவற்றைச் சேர்த்து, பக்குவமாக மறுபடி சூடேற்றினால், அதுவே ‘நூல்’ வேலையைச் செய்யும். கோடிக்கணக்கில் நுண்படிகங்கள் முளைக்கும். சூடானால் மீதிக் கண்ணாடி விரியும். இந்தப் படிகங்களோ லேசாகச் சுருங்கும். ரெண்டும் சரிக்குச் சரி. அதனால் சூட்டில் விரிசல் விடுவது அபூர்வம்.

தவறிப்போய் கிடைத்தது!

1953-ல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியில், டொனால்டு ஸ்டூக்கி என்ற விஞ்ஞானி ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க நினைத்தார். உலை கோளாறாகி 900-க்குப் போய்விட்டது. உருகிப்போயிருக்கும் என்று திறந்தால், வெள்ளை வெளேரென்று கெட்டியாக இருந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. கிளாஸ் செராமிக்கின் கதை அங்கேதான் தொடங்கியது.

நம்ம தமிழ்நாட்டிலும் இதன் பெரிய அண்ணன் இருக்கிறார். ஜவ்வாது மலை காவலூரில், 1986-ல் திறக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் 2.34 மீட்டர் கண்ணாடி, ‘ஸெரோடூர்’ என்ற கிளாஸ் செராமிக்கால் ஆனது. பகல் வெயில், ராத்திரிக் குளிர் எதற்கும் வடிவம் மாறக் கூடாதே!

அம்மாவுக்குச் சொன்னது, உங்களுக்கும்...

* காஸ் ஸ்டவ் கண்ணாடியை ஆறிய பிறகே துடைங்க. சுட்ட தோசைக்கல்லை அதன்மேல் இறக்காதீங்க. ஓரத்தில் கீறலோ, உடைசலோ தெரிந்தால் மாத்திடுங்க.
* பர்னரைத் தாண்டி ரொம்ப அகலமான பாத்திரம் வேண்டாம். சூடு கண்ணாடிப் பக்கம் திரும்பும்.
* இண்டக்‌ஷன் கண்ணாடி சூடு தாங்கும். குக்கர் நழுவி விழுந்தால் தாங்காது. விரிசல் விட்டால் உடனே பிளக்கைப் பிடுங்கிடுங்க. தண்ணீர் உள்ளே இறங்கினால் ஷாக் அடிக்கலாம்.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: “அப்ப அவசரப்பட்டுத் துடைச்சதுதான் தப்பு. சுத்தமா இருக்கணும்னு நெனச்சேன் பாரு!”

இனி ஆறட்டும் அம்மா. அடுப்பும், நீங்களும்!