பசுமை முத்திரையும் படை விலகலும்: வடக்கு எடைபோட வேண்டிய இரு வாக்குறுதிகள்

வடக்கு மாகாண மக்களின் செவிகளில் இரண்டு சொற்கள் நீண்டகாலமாக ஒலித்து வருகின்றன. ஒன்று 'பசுமை'. மற்றையது 'விடுவிப்பு'. பசளை மூடையிலும், தேசிய பூங்காவின் பெயர்ப்பலகையிலும், காற்றாலைத் திட்டத்தின் அறிக்கையிலும் முதலாவது சொல் பொறிக்கப்படுகின்றது. படையினரின் முட்கம்பி வேலி சில நூறு யார் பின்னகர்த்தப்படும்போது இரண்டாவது சொல் மேடையேறுகின்றது. இரண்டுமே நல்ல சொற்கள். அவற்றை ஐயத்துடன் நோக்குவோர் இயற்கையின் விரோதிகள் என்றோ, சமாதானத்தின் விரோதிகள் என்றோ எளிதில் முத்திரை குத்தப்படுவதற்கும் அதுவே காரணம்.

ஆயினும், வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பதை அனுபவத்தினால் அறிந்தவர்கள் நாம். ஒரு பொருளோ ஒரு நடவடிக்கையோ எந்தப் பெயரால் அழைக்கப்படுகின்றது என்பதிலும் பார்க்க, அதன் பின்னர் காணி யாருடைய கையில் இருக்கின்றது, கிணற்று நீர் எவ்வாறு இருக்கின்றது, அயலவன் பாதுகாப்பாக இருக்கின்றானா என்பவையே முக்கியமான கேள்விகளாகும். இவ்வாறு கேட்பதைப் பழமைவாதம் என்று சிலர் கூறக்கூடும். விதை வெங்காயத்தைக் கையிலெடுத்து அழுத்திப் பார்க்காமல் பணம் கொடுக்காத தோட்டக்காரனின் நிதானம் என்று அதனைக் கூறுவதே பொருத்தமானது.

உடுப்பிட்டி கண்ட விலகல்கள்

இதனை விளங்கிக்கொள்வதற்கு வடமராட்சியிலுள்ள உடுப்பிட்டியின் அண்மைக்கால வரலாறே போதுமானது. 1960 முதல் 1980களின் இறுதிவரை தனியான ஒரு நாடாளுமன்றத் தொகுதிக்குப் பெயர் கொடுத்த ஊர் அது. மு. சிவசிதம்பரமும், 1977 இல் த. இராசலிங்கமும் அத்தொகுதியின் பிரதிநிதிகளாக இருந்தனர். 1987 மே 26 ஆம் திகதி தொடங்கிய 'ஒப்பரேஷன் லிபரேஷன்' நடவடிக்கையின் மூலம் இலங்கை இராணுவம் வடமராட்சியைக் கைப்பற்றியது. இரண்டு மாதங்களில், ஜூலை 29 ஆம் திகதி, இலங்கை இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. இலங்கைப் படையினர் முகாம்களுக்குள் முடங்க, இந்திய அமைதி காக்கும் படை வந்தது. அப்படை சென்றபின் விடுதலைப் புலிகளின் ஆட்சி. 1996 மே மாதம் மீண்டும் இலங்கை இராணுவம். ஒன்பது ஆண்டுகளுக்குள் நான்கு அதிகார மாற்றங்களை அவ்வூர் மக்கள் கண்டனர். ஒவ்வொரு தடவையும் ஒரு படையின் விலகல் இன்னொரு துப்பாக்கியின் வருகையாகவே முடிந்தது.

இவற்றுள் இந்தியப் படையின் விலகல் தனியாக ஆராயப்பட வேண்டியது. 1989 ஜூன் முதலாம் திகதி ஜனாதிபதி பிரேமதாச அப்படையை ஜூலை இறுதிக்குள் வெளியேறுமாறு பகிரங்கமாகக் கோரினார். ஜூலை இறுதியில் ஒரு சிறு தொகுதியினர் அடையாளபூர்வமாகக் கப்பலேறினர். விலகல் தொடங்கிவிட்டது என்று கொழும்பும் புதுடில்லியும் அறிவித்தன. அதற்குச் சில நாட்களின் பின்னர், ஆகஸ்ட் 2 ஆம் திகதி தொடக்கம், உடுப்பிட்டிக்கு அயலிலுள்ள வல்வெட்டித்துறையில் அதே படையினரால் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். விலகல் அறிவிக்கப்பட்ட காலம் மக்களுக்குப் பாதுகாப்பான காலமாக இருக்கவில்லை.

1990 மார்ச் 24 ஆம் திகதி இறுதித் தொகுதியினர் திருகோணமலையிலிருந்து புறப்பட்டனர். அப்படையின் நிழலில் பலவந்தமாக ஆட்சேர்ப்புச் செய்யப்பட்டு, 'தமிழ்த் தேசிய இராணுவம்' என்ற பெயரில் நிறுத்தப்பட்ட இளைஞர்கள் கைவிடப்பட்டனர். ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டது. வலிகாமம் வடக்கு மக்கள் தமது வீடுகளை விட்டு வெளியேறியது அப்போதுதான். ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் ஒக்டோபர் 30 ஆம் திகதி அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்களே. எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் உடுத்த உடையுடன் புத்தளம் முதலிய இடங்களுக்குச் சென்றனர்.

அந்நியப் படை வெளியேற வேண்டும் என்று அன்று தமிழரும் முஸ்லிம்களும் விரும்பியது நியாயமானதே. ஆனால், அது வெளியேறிய பின் சட்டமும் ஒழுங்கும் யாரிடம் இருக்கும், சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக வாழ்வோரை யார் காப்பர் என்ற கேள்விக்கு விடை தேடப்படவில்லை. ஏழே மாதங்களில் அதற்கான விலையை முஸ்லிம் மக்கள் செலுத்தினர். 1973 இல் அமெரிக்கப் படை வெளியேறிய தென்வியட்நாம் இரண்டு ஆண்டுகளில் வீழ்ந்ததும், 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையத்தில் உலகம் கண்ட காட்சிகளும் இதே பாடத்தைத்தான் கூறுகின்றன. விலகல் என்பது ஓர் ஒழுங்கின் தொடக்கமாகத் திட்டமிடப்படாவிடின், அது வெறும் வெற்றிடமாகிவிடுகின்றது.

விடுவிப்பின் கணக்கு

இதனை ஆதாரமாகக் காட்டி, படையினர் மக்களின் காணிகளில் தொடர்ந்தும் இருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உள்ளனர். அவ்வாதம் ஏற்புடையதன்று. போர் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டது. ஒருவனுடைய உறுதிக்காணியை அவனுடைய சம்மதமின்றி அரசு வைத்திருப்பதைச் சொத்துரிமையை மதிக்கும் எந்தப் பழமைவாதியும் நியாயப்படுத்த முடியாது. எமது ஐயம் விலகலின் தேவை குறித்ததன்று. விலகல் என்று அறிவிக்கப்படுவது உண்மையில் விலகல்தானா என்பதே எமது கேள்வி.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. பின்னர் மக்களின் எதிர்ப்பினாலும் வழக்குகளினாலும் படிப்படியாக விடுவிப்புகள் நிகழ்ந்தன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் மீளக் கையளிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வசாவிளான் ஊடான பலாலி வீதி 35 ஆண்டுகளின் பின்னர் திறக்கப்பட்டது. ஆனால் முதலில் அது பகல் வேளையில் மட்டும், வழியில் நிறுத்தக்கூடாது என்ற நிபந்தனையுடனேயே திறக்கப்பட்டது. வீதி திறந்திருக்க, வீதியோரத்து வீட்டுக்காரன் தன் முற்றத்தில் இறங்க முடியாதெனில், அங்கு விடுவிக்கப்பட்டது எது?

2023 ஜனவரியில் இராணுவத்தின் ஆளணியை 2030 ஆம் ஆண்டளவில் ஒரு இலட்சமாகக் குறைக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. வரவேற்கத்தக்க அறிவிப்பே. எனினும், நாடளாவிய மொத்த எண்ணிக்கை குறைவதால் வடக்கின் முகாம்கள் குறையும் என்ற நியதி இல்லை. எந்த மாவட்டத்தில், எந்த முகாம், எத்தனை ஏக்கர், எந்தத் திகதியில் என்ற விபரம் இணைக்கப்படாத வரையில் அது சிக்கனம் பற்றிய அறிவிப்பே தவிர, காணி பற்றிய வாக்குறுதியன்று.

2025 மார்ச் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி இவ்வெச்சரிக்கையின் நியாயத்தைக் காட்டியது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,940 ஏக்கர் குறிப்பிடப்பட்டு, மூன்று மாதங்களுக்குள் உரிமை கோரப்படாதவை அரச காணியாகக் கொள்ளப்படும் என்று கூறப்பட்டது. அவற்றுள் 3,669 ஏக்கர் யாழ்ப்பாண மாவட்டத்திற்குரியது. போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் உறுதிகளை இழந்தவர்களும், புலம்பெயர்ந்து வாழ்பவர்களும் மூன்று மாதங்களில் எவ்வாறு உரிமையை நிறுவ முடியும்? ஜூன் 27 ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அவ்வர்த்தமானியை மீளப்பெற்றது. ஒரு பக்கத்தில் விடுவிப்பு விழாக்கள் நிகழும்போதே மறுபக்கத்தில் ஒரு காகிதத்தின் மூலம் காணி கைமாறக்கூடும் என்பதை அது உணர்த்தியது.

பசளை மூடையில் ஒட்டப்பட்ட பசுமை

பசுமையின் கதையும் இதற்குச் சமாந்தரமானது. வடமராட்சித் தோட்டக்காரனுக்கு இயற்கையைப் பற்றி எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆறுகளற்ற குடாநாட்டில் சுண்ணாம்புக் கற்பாறையில் தங்கும் மழைநீரே அவனது குடிநீரும் பாசன நீரும். வெங்காயத்திற்கும் புகையிலைக்கும் அளவுக்கு மிஞ்சி இட்ட இரசாயனப் பசளை, நைத்திரேற்றாக அதே கிணற்றுக்குள் இறங்குகின்றது என்பதை ஆய்வுகள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றன. ஆகவே சேதனப் பசளையை நாடுவதற்கு இங்கு உண்மையான காரணம் உண்டு.

ஆனால் 2021 மே மாதத்தில் நடந்தது வேறு. இரசாயனப் பசளை, கிருமிநாசினி ஆகியவற்றின் இறக்குமதி ஒரே வர்த்தமானியில் தடைசெய்யப்பட்டது. அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்த வேளையில், செலவைக் குறைக்கும் நோக்கமும் அதற்குள் இருந்ததெனப் பலர் சுட்டிக்காட்டினர். சர்வதேச அரங்குகளில் அது பசுமைப் புரட்சியாகவே எடுத்துரைக்கப்பட்டது. சீனாவிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்ட 'சேதனப் பசளை'யின் மாதிரிகளில் தீங்கான பக்றீரியா இருப்பதாக எமது தாவரத் தொற்றுக்காப்பு அதிகாரிகள் கண்டறிந்தனர். சரக்கு இறக்கப்படவில்லை. ஆயினும் 2022 ஜனவரியில் 6.7 மில்லியன் டொலர் அந்த நிறுவனத்துக்குச் செலுத்தப்பட்டது. 2021 ஒக்டோபரில் பசுமை விவசாயத்துக்கான செயற்பாட்டு மையம் இராணுவத் தளபதியின் தலைமையில் அமைக்கப்பட்டது. அடுத்த மாதமே தடை கைவிடப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது. அரிசி விலை ஏறியது. நட்டத்தைச் சுமந்தவர்கள் விவசாயிகள்.

பல ஆண்டுகளில் படிப்படியாகச் செய்யப்பட்டிருக்க வேண்டிய ஒரு நல்ல காரியம், பரிசோதனையின்றிக் கட்டளையாக இறங்கியதால் அதன் பெயரே கெட்டுப்போனது. உண்மையான சேதனப் பயிர்ச்செய்கையில் நம்பிக்கை வைத்திருந்தோருக்கே அது இழைத்த தீங்கு பெரியது.

இரண்டும் சந்திக்கும் இடம்

பசுமையும் படை விலகலும் இரு வேறு விடயங்களாகத் தோன்றலாம். வடக்கின் வரைபடத்தில் அவை ஒரே காணியில் சந்திக்கின்றன. போரினால் வெறிச்சோடிய நிலத்தில் பற்றை வளர்கின்றது. பற்றை காடாகின்றது. உரிமையாளன் திரும்பி வருவதற்குள் அது பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்படுகின்றது.

உடுப்பிட்டி அமைந்துள்ள அதே வடமராட்சியின் கிழக்கு எல்லையில் சுண்டிக்குளம் உள்ளது. 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட அது, 2015 ஜூனில் 19,565 ஹெக்டேயராக விரிவாக்கப்பட்டுத் தேசிய பூங்காவானது. வலசை வரும் பறவைகளின் புகலிடத்தைக் காப்பது அவசியம். ஆனால் அக்கரையோரத்தில் பரம்பரையாகத் தொழில் செய்த மீனவரின் வாடிகளும் பாதைகளும் புதிய எல்லைக்குள் எங்கே நிற்கின்றன என்பது முன்கூட்டியே தெளிவுபடுத்தப்பட வேண்டிய விடயம்.

மன்னார் மாவட்டத்தின் முசலியில் இதே கதை முஸ்லிம் மக்களின் கதையாகின்றது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் 1990 இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாக வாழ்ந்தனர். 2012 இல் அப்பகுதிக் காணிகள் ஒதுக்கப்பட்ட வனங்களுக்குள் உள்ளடக்கப்பட்டன. 2017 மார்ச்சில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மாவில்லு வனப் பிரகடனத்தில் ரஷ்ய விஜயத்தின்போது கையொப்பமிட்டார். திரும்பி வந்தவர்கள் 'வில்பத்துவை அழிப்பவர்கள்' என்று வர்ணிக்கப்பட்டனர்.

நடுநிலை கருதி மறுபக்கத்தையும் கூற வேண்டும். கல்லாறு வனப்பகுதியில் மீள்குடியேற்றத்திற்காகக் காடு அழிக்கப்பட்டது சட்டவிரோதமானது என 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் அமைச்சர் ரிஷாத் பதியுதீன் தமது செலவில் மரங்களை மீள நட வேண்டுமெனவும் உத்தரவிட்டது. ஏழை அகதியின் உரிமையை அரசியல்வாதியின் அவசரத்துடன் கலந்துவிட்டால், நியாயமான கோரிக்கையும் பலவீனமடைகின்றது.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது?

உலகம் இப்போது பசுமை முத்திரைகளைக் கேள்வி கேட்கத் தொடங்கியுள்ளது. தூய டீசல் என்று விளம்பரப்படுத்தப்பட்ட வொக்ஸ்வேகன் கார்கள் புகைப் பரிசோதனையை ஏமாற்றும் மென்பொருளைக் கொண்டிருந்தமை 2015 இல் அம்பலமானது. ஆதாரமற்ற பொதுவான பசுமை உரிமைகோரல்களைத் தடுக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் இயற்றியது. அதே ஆண்டில் இந்தியாவும் இதற்கான வழிகாட்டல்களை வெளியிட்டது. இவற்றின் சாரம் ஒன்றே: பசுமை என்று கூறுபவரே அதை நிரூபிக்க வேண்டும்.

எமக்கு அண்மையிலும் முன்மாதிரி உண்டு. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில், ஆபத்தில்லை என்ற உறுதிமொழிகளை மக்கள் அப்படியே விழுங்கிவிடவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில் மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பானது. மன்னாரில் 2020 இல் 30 காற்றாலைகள் நிறுவப்பட்டன. மேலும் நிறுவும் முயற்சிக்கு எதிராக 2025 இல் தீவு மக்கள் வீதிக்கு இறங்கினர். காற்றிலிருந்து மின்சாரம் பெறுவதை அவர்கள் பொதுவாக எதிர்க்கவில்லை. மழைநீர் வடிந்தோடும் வழியும் மீன்பிடியும் என்னவாகும் என்ற கேள்விக்கு விடை கேட்டனர்.

ஆகவே அரசாங்கத்திடம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் எளிமையானவை. விடுவிப்பு ஒவ்வொன்றும் காணித்துண்டு இலக்கம், பரப்பளவு, உரிமையாளர் உள்நுழையும் திகதி ஆகியவற்றுடன் பிரதேச செயலகத்தில் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். வனமோ பூங்காவோ பிரகடனப்படுத்தப்படுமுன் அதன் வரைபடம் தமிழில் கிராம அலுவலர் பணிமனையில் வைக்கப்பட்டு, இடம்பெயர்ந்தோர் ஆட்சேபிக்கப் போதிய காலம் வழங்கப்பட வேண்டும். படையினர் விலகும் இடத்தில் சிவில் நிர்வாகமும், தமிழ் பேசும் பொலிஸ் சேவையும் பொறுப்பேற்க வேண்டும். பசுமைப் பெயரில் விற்கப்படும் பசளைக்கும் விதைக்கும் சுயாதீன ஆய்வுகூடச் சான்று கட்டாயமாக்கப்பட வேண்டும்.

எம்மிடம் நாமே கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. வலிகாமத்துத் தமிழன் தன் காணிக்காகக் குரல் கொடுக்கும்போது முசலி முஸ்லிமின் காணியையும் நினைவில் கொள்கின்றானா? யாழ்ப்பாணச் சோனகத் தெருவுக்குத் திரும்ப விரும்புவோரின் கோரிக்கை தமிழ்ப் பிரதிநிதிகளின் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் உள்ளது? ஒரே வர்த்தமானியால் பாதிக்கப்படும் இரு சமூகங்கள் தனித்தனியே மனுக்கொடுத்துக்கொண்டிருக்கும் வரை, காணியின் எல்லைகளை வேறொருவரே தீர்மானித்துக்கொண்டிருப்பார்.