கலப்புக் கெளுத்திக் குஞ்சுகளை யாது செய்வது?

அலங்கார மீன் வளர்ப்பு பல குடும்பங்களுக்கு உபதொழிலாகவும், சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் முழு ஜீவனமாகவும் விளங்குகின்றது. இத்தொழிலில் ஈடுபட்டோர், ஒரே தொட்டியில் விடப்பட்ட இருவேறு இனக் கெளுத்திகள் கூடி முட்டையிட்டுவிட்டால், அக்குஞ்சுகளை யாது செய்வதென்று மயங்குவதுண்டு. அதனை அதிர்ஷ்டமெனக் கருதிக் குஞ்சுகளை வளர்த்துச் சந்தைக்கு அனுப்புவோரும் உளர். இவ்வழக்கம் தொழிலின் வேரையே அரிப்பதாகும்.

கலப்பு நேரும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த கோரிடோராஸ் எனப்படும் சிறு கெளுத்திகளில், நெருங்கிய இனங்கள் உருவத்தாலும் பழக்கத்தாலும் ஒத்திருக்கும். தன் இனத்துத் துணை கிட்டாத பெண்மீன் அயலினத்து ஆணோடு கூடுதல் இவற்றில் நிகழக்கூடியதே. ஆப்பிரிக்கச் சைனோடான்டிஸ் கெளுத்திகளிலோ கலப்பு பெரும்பாலும் மனிதர் செயலாகும். வெளிநாட்டுப் பண்ணைகள் சிலவற்றில் ஹார்மோன் ஊசியிட்டு, இரு இனங்களின் முட்டையையும் விந்தையும் கலந்து குஞ்சு பொரிப்பிக்கின்றனர். அவை விலையுயர்ந்த இனங்களின் பெயரால் விற்பனைக்கு வருவதுமுண்டு.

இளங்குஞ்சைக் கண்டு கலப்பென அறிதல் அரிது. அதனைத் தூய இனமென நம்பி வாங்குபவர், மாதக்கணக்கில் இரையிட்டு வளர்த்துத் தாய்மீனாக வைத்துக்கொள்கின்றார். பின்பு பிறக்கும் குஞ்சுகள் ஒன்றுபோல் ஒன்று இராமையால், அவர் இட்ட முதலும் பெற்ற நற்பெயரும் ஒருங்கே அழிகின்றன. நெல் வயலில் கலவனைப் பிடுங்கி எறியாதவன் விதை நெல் விற்கத் தகுதியற்றவன் என்பதைக் குடியானவர் யாவரும் ஒப்புவர். மீன்குஞ்சு விற்பவருக்கும் அந்நீதியே பொருந்தும்.

கலப்பினம் கோவேறு கழுதையைப் போல் மலடாகவே இருக்குமாதலால் கேடில்லை என்று சிலர் வாதிப்பர். அது எல்லா மீன்களுக்கும் பொருந்தாது. தாய்லாந்தில் உணவுக்காக, அந்நாட்டுப் பெண் கெளுத்தியையும் ஆப்பிரிக்க ஆண் கெளுத்தியையும் கலந்து பெருவாரியாக வளர்த்தனர். பின்னர் இயற்கை நீர்நிலைகளில் வாழும் நாட்டுக் கெளுத்திகளிடத்தும் ஆப்பிரிக்க இனத்தின் மரபு கலந்திருந்தமை ஆராய்ச்சியால் வெளியாயிற்று. ஒருமுறை ஆற்றில் கலந்ததைப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது. இந்திய அரசாங்கம் 2000-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பைத் தடை செய்ததும் நாட்டு மீன்வளத்தைக் காக்கும் பொருட்டே.

ஆகவே கைக்கொள்ளத்தக்க முறைகள் இவை. இனப்பெருக்கத்திற்கான தொட்டி ஒவ்வொன்றிலும் ஓரினத்தையே, ஆணும் பெண்ணும் சேர்ந்த கூட்டமாக விடுதல் வேண்டும். தாய்மீன் எங்கு, எப்போது வாங்கப்பட்டதென்று குறித்து வைத்தல் வேண்டும். கலப்பு முட்டை கண்டால், பொரிக்குமுன்னரே அகற்றிவிடுதல் நலம். கோரிடோராஸ் முட்டைகள் கண்ணாடியிலும் இலைகளிலும் ஒட்டியிருக்குமாதலால் இது எளிது. ஆனால் நாலைந்து தினங்களில் பொரித்துவிடுமாதலால் தாமதம் கூடாது. குஞ்சுகள் பொரித்துவிட்டால், ஆயுள் முடியும்வரை தனித்தொட்டியில் அழகுக்காக வைத்திருக்கலாம். அவற்றை இனப்பெருக்கத்திற்கு வைத்தல் ஆகாது. பிறருக்குக் கொடுக்க நேரின், கலப்பென்னும் உண்மையை எழுதியே கொடுத்தல் வேண்டும். ஏரி, குளம், கிணறு, வாய்க்கால் எதிலும் அவற்றை விடலாகாது. பாவம் பார்த்து விடும் ஒரு கை மீன் பல தலைமுறைக்குத் தீங்காய் முடியக்கூடும்.

சிறு முதலீட்டில் பிழைப்பவருக்கு ஒரு ஈற்றுக் குஞ்சுகளை இழத்தல் பெரும் நஷ்டமென்பது உண்மையே. எனினும் அது ஒரு முறை நேரும் நஷ்டம். பொய்ப்பெயரால் விற்ற குஞ்சோ, வாங்கியவர் தொட்டியில் வளரும் நாளெல்லாம் விற்றவரின் பெயரைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். “இவரிடம் வாங்கினால் இனம் மாறாது” என்னும் சொல்லை ஈட்டுவதே மீன் வளர்ப்போருக்கு நிலையான முதலாகும்.