விசில் அடிப்பது விளையாட்டல்ல

சினிமாத் தியேட்டரில் விசில் அடிக்க இரண்டு விரல் போதும். ஃபுட்பால் மைதானத்தில் விசில் அடிக்க இரண்டு கால் வேண்டும். இந்த ஒரு வரி ஞானத்தைச் சம்பாதிக்க எனக்கு முழுசாக ஒரு வருஷமும் இரண்டு ஜோடி ஷூவும் செலவாகியிருக்கின்றன.

விஷயம் இதுதான். தேங்காய்ப்பட்டணம் வட்டாரத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் ஆடும் கால்பந்துப் போட்டிகளுக்கு அடியேன் முதலாம் ஆண்டு ரெஃபரி. முப்பது வயதைத் தாண்டியபின் ஆட முழங்கால் சம்மதிக்கவில்லை. கோச் ஆகும் அளவுக்கு வித்தை கிடையாது. மிச்சமிருந்தது விசில் ஒன்றுதான்.

"பி.காம். படிச்சவனுக்கு பவுலும் பெனால்டியும் எதுக்குடே?" என்று சித்தப்பா கேட்டார். இரண்டும் ஒரே படிப்புதான் சித்தப்பா என்றேன். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு பக்கம் பற்று, மறு பக்கம் வரவு. திட்டு மட்டும் இரண்டு பக்கத்திலும் எழுதப்படும்.

வெளியூர்க்காரர்களுக்காக எங்கள் கடற்கரையைப் பற்றிக் கொஞ்சம். குழித்துறை வழியாக வரும் தாமிரபரணி (திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, சண்டைக்கு வராதீர்கள்) கடலில் சேருவது தேங்காய்ப்பட்டணத்தில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று கேரள எல்லை வரை வரிசையாக எட்டு ஊர். இந்தியா பூராவும் பையன்கள் பேட்டும் கையுமாக அலையும்போது, இங்கே பந்தும் காலுமாக அலைகிறார்கள். இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ-லீக்கில் சென்னை சிட்டிக்கு ஆடி, 2018-ல் ஐ.எஸ்.எல்.லில் ஜம்ஷெட்பூருக்குப் போனவர். அவர் பேரைச் சொல்லாத பையன் இந்தப் பக்கம் கிடையாது.

ஆகவே, இங்கே ஸ்கூல் மேட்ச் என்பது சும்மா ஸ்கூல் மேட்ச் இல்லை. குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படி ஏறினால் ஒரு சர்ட்டிஃபிகேட். சர்ட்டிஃபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு காலேஜ் சீட்டு. அதற்கப்புறம் ரயில்வேயோ போலீஸோ. அப்பா கடலுக்குப் போகிற வீட்டில் இது எத்தனை பெரிய சமாசாரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படிக்கட்டின் முதல் படியில் வாயில் விசிலோடு நிற்பவன் நான். ராத்திரி தூக்கம் வருமா, சொல்லுங்கள்?

* * *

எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு மூத்த ரெஃபரி. முதல் நாள் விதிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "அண்ணே, எந்த விதியிலேர்ந்து ஆரம்பிக்கணும்?" என்றேன். அவர் என் பைக்கைப் பார்த்தார்.

"அதை மொதல்ல ரோட்டைப் பாக்கத் திருப்பி நிறுத்து மக்கா. அப்புறம் விதி."

புத்தகத்தில் மொத்தம் 17 விதிகள். மைதானத்தின் அளவில் ஆரம்பித்து கார்னர் கிக்கில் முடிகிறது. பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம், கோல் போஸ்டின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. இதையெல்லாம் மனப்பாடம் செய்வதில் பி.காம்.காரனுக்குக் கஷ்டமே இல்லை. 5-வது விதி ஏற்கெனவே பழக்கமானது மாதிரிகூட இருந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் ரெஃபரி தன் முடிவை மாற்றக்கூடாதாம். வருஷக் கணக்கை மூடின பிறகு என்ட்ரியைத் திருத்த முடியாதல்லவா, அதே கதை.

ஆஃப்சைடு என்றால்தான் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். சாயக்கடையில் ஒரு நண்பருக்கு டம்ளர், தட்டு எல்லாம் நகர்த்தி விளக்கிப் பார்த்தேன். சாயா ஆறியதுதான் மிச்சம். கடைசியில் கல்யாணப் பந்தி கைகொடுத்தது. சாப்பிடுகிறவர் எழுந்திருக்கு முன்பே அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நிற்பான் பாருங்கள் ஒருத்தன், அவன் ஆஃப்சைடில் இருக்கிறான். நிற்பது மட்டும் குற்றமில்லை. நின்ற இடத்திலிருந்து இலையில் கை வைத்தால்தான் குற்றம். அதாவது, சக ஆட்டக்காரன் பந்தைத் தட்டிவிடும் அந்த விநாடியில், எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி நின்று, பிறகு ஆட்டத்தில் தலையிட வேண்டும். த்ரோ-இன், கோல் கிக், கார்னர் இந்த மூன்றிலிருந்தும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. நண்பருக்குப் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் எந்தப் பந்தியிலும் பின்னால் போய் நிற்பதில்லை.

* * *

ஆனால் 17 விதியும் தலைகீழாகத் தெரிந்தாலும் ஒன்றும் ஆகாது, நீங்கள் தப்பான இடத்தில் நின்றால்! இதைத்தான் மூத்தவர் ஒரு வருஷமாக என் மண்டையில் ஏற்றினார். "நியாயம் மனசுல இருக்குன்னு நெனைக்காதே மக்கா. கால்ல இருக்கு. ஓடு!"

இதற்குச் சரித்திரமே சாட்சி. கால்பந்தின் ஆரம்ப நாட்களில் ரெஃபரி மைதானத்துக்குள் கிடையாது. ஒவ்வொரு அணியும் தன் பங்குக்கு ஓர் அம்பயரைக் கூட்டி வரும். என் அம்பயர் பவுல் என்பார், உன் அம்பயர் இல்லை என்பார். இரண்டு பேரும் ஒத்துப்போகாவிட்டால், வெளியே கோட்டோரம் நிற்கும் ஒரு கனவானிடம் விஷயத்தை 'ரெஃபர்' செய்வார்கள். ரெஃபரி என்ற பெயரே அப்படி வந்ததுதான். தூரத்தில் நின்றவர் என்னத்தைப் பார்த்திருப்பார்? 1891-ல் அவரை மைதானத்துக்குள் கொண்டுவந்து விசிலைக் கொடுத்து, அம்பயர்கள் இருவரையும் கோட்டுக்கு வெளியே அனுப்பிக் கொடி பிடிக்க வைத்தார்கள். அதிகாரம் கூடினது அப்புறம் இருக்கட்டும், பார்வை கூடியது பாருங்கள், அதுதான் முக்கியம்.

உள்ளே வந்தவர் எங்கே ஓடுவது? பந்துக்குப் பின்னாலேயே ஓடினால் பந்துக்கே இடைஞ்சல். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக ஓட வேண்டும், கொடிக்காரர்கள் மற்ற இரண்டு ஓரங்களைப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஓர் ஏற்பாட்டைப் பரப்பியவர் ஸ்டான்லி ரவுஸ். பள்ளிக்கூட வாத்தியார். 1934 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தின் ரெஃபரி. 1938-ல் விதிகளைத் திருத்தி எழுதியவர். 1961-லிருந்து 1974 வரை ஃபிஃபாவின் தலைவர். மஞ்சள், சிவப்பு கார்டுகளை யோசித்த கென் ஆஸ்டனும் வாத்தியார்தான். டிராஃபிக் சிக்னலில் காத்திருந்தபோது உதித்த யோசனை. 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில் கார்டுகள் முதன்முதலாக வந்தன. பையன்களை மேய்த்த அனுபவம் வீண் போகவில்லை.

எங்கள் பக்கத்து மேட்ச்களில் கொடிக்கு ஆள் கிடைப்பது அபூர்வம். இரண்டு ஸ்கூலிலிருந்தும் ஆளுக்கொரு சப்ஸ்டிட்யூட் பையனைப் பிடித்து நிறுத்துவோம். அவரவர் ஸ்கூலுக்குச் சாதகமாக மட்டும் கொடி ஏறும். ஆக, 1891-க்கு முந்தின இங்கிலாந்தை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகத் தேங்காய்ப்பட்டணம் வரலாம்.

ஓட்டம் என்றேன் அல்லவா? சர்வதேச ஆட்டத்தில் ஒரு ரெஃபரி சுமாராக 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். ஃபிஃபா பட்டியலில் இருக்கும் ஆண் ரெஃபரிக்கு டெஸ்ட் என்ன தெரியுமா? 40 மீட்டரை 6 விநாடிக்குள், ஆறு தடவை. பிறகு 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை என்று மாற்றி மாற்றி நாற்பது தடவை. நம் திண்டுக்கல் ரூபா தேவி அந்த மாதிரி டெஸ்ட்டெல்லாம் தாண்டித்தான் 2016-ல் ஃபிஃபா ரெஃபரி ஆனார். நான் கடற்கரையில் காலையில் பயிற்சி எடுப்பதைப் பார்த்து, வலை இழுக்கும் அண்ணன் ஒருவர் கரிசனமாகக் கேட்டார்: "யாராவது வெரட்டுறாங்களா தம்பி?"

1986 மெக்ஸிகோ உங்களுக்கு நினைவிருக்கும். மாரடோனா கையால் தட்டிப் போட்ட கோல். ரெஃபரி துனீசியாவின் அலி பென்னாசூர். அவர் நின்ற இடத்திலிருந்து கை தெரியவில்லை. லைன்ஸ்மேன் கொடியும் ஏறவில்லை. கோல் என்றால் கோல்தான். உலகம் முழுக்க டி.வி.யில் பார்த்தது, பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. 2018 உலகக் கோப்பையிலிருந்து வீடியோ ரெஃபரி வந்துவிட்டார். எங்கள் ஊரிலும் வந்தாயிற்று. மைதானத்தைச் சுற்றி நிற்கும் மாமன்மார் நாற்பது பேர் கையிலும் செல்போன். நாற்பது கோணம், நாற்பது தீர்ப்பு. எல்லாம் அவரவர் மருமகனுக்குச் சாதகம்!

* * *

இந்த வருஷம் நடந்த ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். பதினாலு வயசுக்குட்பட்டவர்கள். ஒன்றுக்கு பூஜ்யம். இரண்டு நிமிஷம் பாக்கி. தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் பொடியன் ஒருத்தன் கோலை நோக்கி ஓங்கி உதைக்கிறான். பந்து எதிர் டிஃபெண்டரின் கையில் பட்டுத் தெறிக்கிறது. "ஹேண்டு! ஹேண்டு!" என்று மைதானமே அலறுகிறது. தென்னை மரங்கள் அலறாததுதான் பாக்கி.

கையில் பட்டதெல்லாம் ஹேண்ட் பால் இல்லை. வேண்டுமென்று தொட வேண்டும், அல்லது கையை விரித்து உடம்பை இயல்பில்லாமல் பெரிசாக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இந்தப் பையன் கை விலாவோடு ஒட்டியிருந்தது. உதைத்தவன் ஆறடிக்குள். விலகிக்கொள்ள நேரமே இல்லை. 'ஆடு, ஆடு' என்று கை காட்டினேன். ஆட்டம் அப்படியே முடிந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? பி.டி. சார் ஒரு பக்கம், மாமன்மார் மறு பக்கம். "வோய் ரெஃபரி, வீட்டுக்குப் போவண்டாமா?" என்று ஒரு குரல். (பைக் ரோட்டைப் பார்த்துத்தான் நின்றிருந்தது.) கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பொடியன் மட்டும் வந்தான். கண்ணெல்லாம் சிவப்பு, முட்டியெல்லாம் மணல்.

"சாரே... நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் மக்கா. உனக்கு நாலு எட்டு தள்ளித்தான் நின்னேன். அவன் கை ஒட்டித்தான் இருந்தது."

ஜெர்ஸியால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அப்ப சரி" என்றான். போய்விட்டான்.

அரை மணி நேரம் கத்திய பெரியவர்கள் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி அது. சரியா தப்பா என்று அவன் வாதாடவில்லை. பெனால்டி கொடுத்திருக்கலாமே என்று கெஞ்சவில்லை. யாரோ ஒருத்தர் பக்கத்தில் நின்று ஒழுங்காகப் பார்த்தாரா, அது தெரிந்தால் போதும் அவனுக்கு. தோற்றதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக அந்தப் பதிலாவது வேண்டாமா? 'பார்க்கலை'யென்று நான் சொல்ல நேர்ந்திருந்தால், 17 விதியில் எந்த விதி அவனைச் சமாதானப்படுத்தியிருக்கும்?

ஆபீஸில் உங்களுக்கும் இது தெரிந்ததுதான். இன்க்ரிமென்ட் கிடைக்கவில்லை என்பதைவிட, வேலையைக் கண்ணால் பார்க்காத ஆசாமி ரிப்போர்ட் எழுதினான் என்பதல்லவா ஜாஸ்தி எரிகிறது?

எனக்குக் கிடைக்கும் தொகை பெட்ரோலுக்கும் சாயாவுக்கும் சரியாய்ப் போகிறது. அடுத்த வருஷமும் ஓடுவதாகத்தான் உத்தேசம். நீங்கள் ஒன்று செய்யுங்கள். அடுத்த தடவை ஏதாவது மைதானத்தில் ரெஃபரியைத் திட்ட வாயெடுக்குமுன், அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள். பந்துக்குப் பக்கத்தில் மூச்சிரைக்க நின்றால் பாதித் திட்டோடு விட்டுவிடுங்கள். நடு மைதானத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றால், முழுசாகத் திட்டுங்கள். சத்தம் போதாவிட்டால் சொல்லி அனுப்புங்கள், விசிலோடு நானும் வருகிறேன்.