மோதிரம்னா ஆணவம் இல்ல, ப்ரோ

போன வருஷம் ஜொகூர் பாருவில் நடந்த ஒரு சிறிய இலக்கியச் சந்திப்பில், பிடித்த நாவலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பற்றிப் பேசினேன். உட்கார்ந்ததும் முன்வரிசையில் இருந்த மூத்த எழுத்தாளர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "தம்பி, நல்லாத்தான் பேசுனீங்க. ஆனா நம்ம சனங்க லயத்துல பட்ட கஷ்டமே இன்னும் எழுதி முடியல. நீங்க ஏன் எல்ஃப், டிராகன்னு ஓடுறீங்க?" கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையோடுதான் கேட்டார். அதனாலேயே எனக்குப் பதில் வரவில்லை. சிரித்து வைத்தேன்.

அன்று இரவு மாமாக் கடையில் நண்பன் ஒருவன் எனக்கு ஆதரவாகப் பேச வந்தான். "நீ அவர்கிட்ட சொல்லியிருக்கணும் ப்ரோ. அது வெறும் கதை இல்ல. மோதிரம்னா ஆணவம். காண்டால்ஃப்னா குரு. சாம்னா பக்தி. மொர்டோருக்குப் போறது ஆன்மா முக்திக்குப் போற பயணம். எல்லாமே நம்ம சித்தாந்தத்துல ஏற்கெனவே இருக்கு." மேசையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு மத்தியானம் கேட்ட கேள்வியைவிட இந்த ஆதரவுதான் அதிகமாகக் குத்தியது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதும் பதில். பார்க்க எதிரெதிராக இருந்தாலும் இருவரும் செய்வது ஒன்றையேதான். பெரியவர் கதையில் பயன் இல்லை என்று தள்ளுகிறார். நண்பன் பயன் இருக்கிறது என்று நிரூபிக்கக் கதையைப் பிழிந்து சாறெடுக்கிறான். சாறு எடுத்த பிறகு சக்கை எதற்கு? கதையைக் கதையாக நம்புவதற்கு இருவருமே தயாராக இல்லை.

முதலில் பெரியவருக்கு.

ஐயா, மிகுபுனைவு வெள்ளைக்காரன் சரக்கு, நம் மண்ணுக்குச் சம்பந்தமில்லாதது என்ற எண்ணம் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. நாம் நிற்கும் மண்ணையே பாருங்கள். மலாய் அரசர்களின் வம்சக் கதையைச் சொல்லும் 'செஜாரா மெலாயு'வில், சோழனை நினைவூட்டும் பெயர்கொண்ட ஓர் இந்திய மன்னன் படையோடு வருகிறான். ஜொகூர் நதியின் மேற்பகுதியில் இருக்கும் கருங்கல் கோட்டை ஒன்று வீழ்கிறது. சீனத்தின்மீது படையெடுக்கத் தெமாசெக் வரை போகிறார்கள். அங்கே சீனர்கள் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் பல் போன கிழவர்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். "புறப்பட்டபோது நாங்கள் இளைஞர்கள், இந்த மரங்கள் விதைகள்" என்று கதைவிடுகிறார்கள் கிழவர்கள். அவ்வளவு தூரமா என்று படையே திரும்பிவிடுகிறது. பிறகு அரசன் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலுக்கு அடியில் இறங்கி, அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். அந்த வழியில் வந்தவர்கள்தாம் பின்னால் இங்கே அரசர்கள் ஆகிறார்கள்.

2005இல் அந்தக் கருங்கல் கோட்டை ஜொகூர் காட்டுக்குள் இருக்கலாம் என்று பத்திரிகைகளில் பெரிய பரபரப்பு எழுந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. "ஒருநாள் கப்சாய்ல கூட்டிட்டுப் போறேன்டா, நாம போய்ப் பார்த்துட்டு வந்துருவோம்" என்று சித்தப்பா சொன்னார். போகவே இல்லை. அந்தச் சித்தப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது, தப்பித்தல் என்ற குற்றச்சாட்டு. டோல்கீன் 1916இல் சொம் போர்க்களத்தில் சமிக்ஞை அதிகாரியாக இருந்தவர். பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு ஊர் திரும்பியவர். பள்ளிக் காலத்து நெருங்கிய நண்பர்கள் மூவரில் இருவரை அந்த ஒரே ஆண்டில் இழந்தவர். அவர் தப்பித்து ஓட நினைத்திருந்தால் இதைவிட இனிப்பான உலகத்தைப் படைத்திருக்கலாம். படைத்தது என்ன? செத்தவர்களின் முகம் தெரியும் சதுப்பு நிலம். நடந்து நடந்து தேய்ந்துபோகும் இரண்டு சின்ன ஆட்கள். முடிவில் காயம் ஆறாமல், காப்பாற்றிய ஊரிலேயே வாழ முடியாமல் கப்பலேறிப் போகும் ஒரு நாயகன்.

நம் யதார்த்தத்துக்கும் தெய்வங்களும் பேய்களும் தேவைப்பட்டிருக்கின்றன. ம. நவீனின் 'பேய்ச்சி' 2019இல் வந்தது, 2020 டிசம்பரில் அரசாங்கம் தடை செய்தது. லூனாஸில் 1981இல் நடந்த சம்சு சாவுகளைச் சொல்ல வந்த நாவல் அது. அந்தச் சாவுகளைச் சொல்ல அவருக்கும் ஒரு பேய்ச்சி வேண்டியிருந்தது. லயத்தின் கடைசியில் முனியாண்டியும் மதுரைவீரனும் நின்ற தோட்டத்தை, அவர்களை நீக்கிவிட்டு எழுதினால் எப்படி யதார்த்தம் ஆகும்?

இப்போது நண்பனுக்கு. இதுதான் எனக்கு முக்கியமான சண்டை.

நான் பாசீர் கூடாங்கில் ஓர் ஆலையில் பராமரிப்பு இன்ஜினியர். என் வேலையில் வரைபடத்தில் ஒரு குறி ஒரே ஒரு வால்வைத்தான் குறிக்க வேண்டும். இரண்டைக் குறித்தால் ஆள் செத்துப்போவான். எட்டு மணி நேரம் அப்படிப் படித்துவிட்டு வருகிறவன் கதையையும் அதே மாதிரிப் படிப்பதற்கு நான் ஏன் வீட்டுக்கு வர வேண்டும்? மோதிரம் சமம் ஆணவம், குரு சமம் காண்டால்ஃப். மகாபாரதத்தையும் இப்படித்தான் பண்ணி வைத்திருக்கிறோம். பாண்டவர் ஐவர் ஐம்புலன், குருக்ஷேத்திரம் உடம்பு, தேர் மனசு. வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வருகிறது. படித்து முடித்ததும் கர்ணனுக்காக அழ வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

டோல்கீனுக்கே இந்த உருவக விளையாட்டு பிடிக்காது. நாவலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில் வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார். ஆனால் அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர். தன் நாவல் அடிப்படையில் சமய நூல்தான் என்று 1953இல் ஒரு பாதிரியார் நண்பருக்கு எழுதினார். அதே கடிதத்தில் அவர் சொல்லும் அடுத்த விஷயத்தை நம் ஆட்கள் கவனிப்பதில்லை. அதனால்தான் கதையிலிருந்து வழிபாடு, சடங்கு போன்றவற்றை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துவிட்டாராம். அந்தப் பெரிய புத்தகத்தில் கோயில் கட்டிக் கும்பிடும் நல்ல மனிதர்களைத் தேடிப் பாருங்கள். ஆன்மிகம் கதையின் நடைக்குள் கரைந்துவிட்டது. தனியாக வடிகட்டி எடுக்க முடியாது. வடிகட்டினால் கிடைப்பது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும்.

இனி சித்தப்பா.

2003 வாக்கில் பசார் மாலாமில் திருட்டு விசிடி வாங்கி எனக்கு அந்தப் படத்தை முதலில் காட்டியவர் அவர்தான். மலாய் சப்டைட்டில். அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்கும்தான். கோல்லம் வரும் இடமெல்லாம் நான் பயந்து அவர் கைக்குள் புகுந்துகொள்வேன். மோதிரத்தை இழந்து, மோதிரத்தைத் தவிர வேறெதையும் நினைக்கத் தெரியாமல், எலும்பும் தோலுமாகத் தனக்குத்தானே இரண்டு குரலில் பேசிக்கொள்ளும் அந்த உருவத்தைப் பார்த்து அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "பாவம்டா அவன்."

கூலாய்ப் பக்கம் அவர் வேலை செய்த தோட்டம் வீடமைப்புக்குப் போன பிறகு சித்தப்பா லாரி அட்டெண்டன்ட் ஆனார். பிறகு அதுவும் இல்லை. பிறகு சம்சு. வீட்டில் நகை காணாமல் போனது, பாட்டியின் பென்ஷன் காணாமல் போனது. அவர் வந்தால் அம்மா கைப்பையை எடுத்து உள்ளே வைப்பார். அவரும் இரண்டு குரலில் பேச ஆரம்பித்தார். காலையில் ஒரு குரலில் சத்தியம் பண்ணுவார், சாயங்காலம் இன்னொரு குரலில் கெஞ்சுவார்.

நான் ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மத்தியானம் சித்தப்பா வந்தார். சவரம் செய்திருந்தார். தேய்த்த சட்டை. கையில் ஒரு பை மங்குஸ்தீன். வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த என் தோளில் கை வைத்தார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்ன, காசா?" என்றேன்.

கையை எடுத்துக்கொண்டார். பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் தெளிவாக இருந்து நான் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் ஈரல் கெட்டு இறந்தார்.

அவர் இறந்து எட்டு மாதம் கழித்து, பல்கலைக்கழக நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கு வந்தேன். படத்தில் இந்தக் காட்சி இல்லை. மலைப்படிக்கட்டில் ஃப்ரோடோவும் சாமும் களைத்துத் தூங்குகிறார்கள். இருவரையும் சிலந்திக்குக் காட்டிக்கொடுக்கும் திட்டத்தோடு திரும்பி வருகிறான் கோல்லம். தூங்கும் முகங்களைப் பார்க்கிறான். ஏதோ ஆகிறது அவனுக்கு. ஒரு கணம் அவன் வெறும் களைத்த கிழவனாகத் தெரிகிறான். கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலை மெதுவாகத் தொடுகிறான். சாம் விழித்துக்கொள்கிறான். எங்கே திருட்டுத்தனமாகப் போய்விட்டு வருகிறாய் என்பதுபோல் ஒரு கடுஞ்சொல். அவ்வளவுதான். அந்தக் கணம் போய்விட்டது, திரும்பி வரவே இல்லை. தன் கதையிலேயே மிகத் துயரமான இடம் என்று டோல்கீன் பின்னால் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டது இதைத்தான்.

நூலகத்தில் மூன்றாம் மாடி. புத்தகத்தை மூடிவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன்.

இப்போது சொல், ப்ரோ. மோதிரம் என்றால் ஆணவம். சரி. அப்படியானால் கோல்லம் யார்? ஆணவத்தால் அழிந்தவன். பாடம் முடிந்தது. விடை கைக்கு வந்தபிறகு முழங்காலைத் தொட்ட அந்தக் கை உனக்கு எதற்கு? சித்தப்பாவைப் பற்றியும் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் விடை தெரிந்திருந்தது. 'குடியால் அழிந்தவர்.' விடை தெரிந்திருந்ததால்தான் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெரியவரே, நம் தோட்டத்துக் கதைகளில் குடிகாரர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களுக்காகப் பரிதாபப்படுகிறோம், சம்சு விற்றவனைத் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் பெரும்பாலான கதைகளில் வாசகனாகிய நான் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். டோல்கீன் செய்தது வேறு. சீரழிந்தவனிடம் கிடந்த அதே மோதிரத்தை நல்லவன் கழுத்தில் தொங்கவிட்டார். ஃப்ரோடோ அதைச் சுமந்து நடக்க நடக்க, கோல்லமுக்கு என்ன நடந்தது என்று அவன் உடம்புக்குத் தெரிகிறது. கடைசியில் எரிமலையின் விளிம்பில் நின்று அவனும் தோற்கிறான். மோதிரம் என்னுடையது என்கிறான். ஆயிரம் பக்கம் நாம் கூடவே நடந்து வந்த நல்லவன் தோற்றுப்போகிறான். அவனைக் காப்பாற்றுவது முன்பு பில்போவும், பிறகு ஃப்ரோடோவும் கோல்லமைக் கொல்லாமல் விட்ட இரக்கம்.

அந்த வரிசையில் மூன்றாவது ஆள் சாம். அதே மலைச்சரிவில் அவன் வாளுக்குக் கீழே கோல்லம் கிடக்கிறான். வெட்டலாம், நியாயமும் இருக்கிறது. சாமால் முடியவில்லை. காரணம், நடுவில் கொஞ்ச காலம் மோதிரத்தை அவனும் சுமந்திருக்கிறான். படிக்கட்டில் கடுஞ்சொல் சொன்ன அதே சாம்தான்.

மிகுபுனைவின் ஆன்மிகம் என்று நான் நம்புவது இவ்வளவுதான். வாசகன் சாம். அவனுக்குக் கொஞ்ச நேரம் சுமக்கக் கொடுக்கிறது கதை. அதனால்தான் அது நீளமாக இருக்க வேண்டியிருக்கிறது. ஜெயமோகன் 2014இலிருந்து 2020 வரை தினம் ஓர் அத்தியாயமாக 26 நாவல்களில் 'வெண்முரசு' எழுதினார். இதையே சுருக்கிச் சொல்லக்கூடாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாரத்தை எப்படிச் சுருக்குவது? சுமந்த தூரத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் ரசிகர் கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. எல்ஃப் மொழியில் எத்தனை எழுத்து, எந்த வாளுக்கு என்ன பெயர், எந்த வம்சத்தில் எத்தனையாவது அரசன் என்று ஒப்பித்துக்கொண்டு திரிகிறோமே, அதுவும் சுமக்காமல் தப்பிக்கும் வழிதான். நானும் செய்திருக்கிறேன். குவிஸ் போட்டியில் ஜெயித்திருக்கிறேன்.

படித்ததால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று சொல்லவில்லை. சித்தப்பாவுக்கு அந்தப் புத்தகம் எட்டு மாதம் தாமதமாக வந்தது. அவருக்கு அது தேவைப்படவும் இல்லை. ஒரு புத்தகமும் படிக்காமல், புரியாத மொழியில் ஓடிய திருட்டு விசிடியைப் பார்த்து "பாவம்டா அவன்" என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

அதனால் பெரியவருக்கும் ப்ரோவுக்கும் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை யாராவது ஒரு பையனோ பொண்ணோ டிராகன் கதையைத் தூக்கிக்கொண்டு வந்தால், இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று கேட்காதீர்கள். இதன் உட்பொருள் என்ன என்றும் சொல்லிக் கொடுக்காதீர்கள். எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்தாய் என்று கேளுங்கள்.